கட்டை அவிழ்த்த பிறகும் மடங்கியே இருந்த கை

நான் வேலையை விட்டு நின்ற அன்று, எலும்பு ஆஸ்பத்திரிக் கட்டு அறையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் என்னை ஏதாவது பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் மாவுக்கட்டு போட்டவளுக்குச் சொல்ல அவ்வளவுதானா என்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. எழுதினால் வரலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் ஏன் நின்றேன் என்று கேட்டீர்கள். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன மூட்டு இருக்கிறது. எனக்கு அது தேய்ந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. எத்தனையோ பேருடைய மூட்டைப் பார்த்துக்கொண்டே என்னுடையதைப் பார்க்காமல் விட்டேன்.

மாவுக்கட்டு எப்படிப் போடுவது என்று இதில் எழுதப் போவதில்லை. இரண்டு மாதத்தில் அது உங்களுக்கே கைவந்துவிடும். அந்த அறையில் யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. குழப்பம். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருஷம் முழுக்க எனக்கு எல்லாமே குழப்பம்தான். எதிரில் உட்காருகிறவரின் வலது கை என் இடது பக்கம் இருக்கும். நான் என் வலது பக்கம் இருக்கும் கையைத் தொடுவேன். "அது நல்ல கைங்க" என்பார்கள். ஒருவர் முழங்கால் வலிக்கிறது என்று வருவார். கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். இன்னொருவர் விழும்போது உள்ளங்கையை ஊன்றியிருப்பார். முறிந்தது கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பாக இருக்கும். கையை உடம்போடு எலும்பால் இணைப்பது அந்த ஒரு காறை எலும்புதான் என்று டாக்டர் அறையில் இருக்கும் மாதிரி எலும்புகளைத் துடைக்கும்போது தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் சதையும் நாரும்தான். இவ்வளவு பெரிய கை இவ்வளவு சின்ன எலும்பை நம்பித் தொங்குகிறதா என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் என்று நான் எழுதுவது பழைய டாக்டரை. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. தினமும் ஒன்பது மணிக்கு வருவார். அவர் வருவதற்குள் அந்த எலும்புகளில் தூசி இருக்கக் கூடாது. அதனால் எனக்கு ஒவ்வொன்றும் கைப்பழக்கம். இடுப்பு மூட்டின் குழி ஆழமானது. தொடை எலும்பின் பந்து அதற்குள் உட்கார்ந்தால் இழுத்தாலும் சுலபத்தில் வராது. தோள் மூட்டின் குழி அப்படி இல்லை. சின்னத் தட்டு மாதிரி, கொஞ்சம்தான் குழிந்திருக்கும். அதன்மேல் பந்தை வைத்துக் கையை எடுத்தால் உருண்டுவிடும். அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது என்பார் டாக்டர். அதனால்தான் கழன்றும் போகிறது.

இவ்வளவு தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அது வந்த வேகத்தில் போன கதையை முதலில் சொல்கிறேன்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை முழங்கை வீங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பின் நுனியில் ஒரு கோடு. துண்டு துண்டாக வேறு தெரிந்தது. "ஐயோ, ரெண்டு மூணு எடத்துல உடைஞ்சிருக்கு" என்று அந்தத் தாயின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் ஓடி வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"செல்வி, இது உடைஞ்ச எடம் இல்ல. வளர்ற எடம். சின்னப் பசங்களுக்கு எலும்பு நுனியில இன்னும் எலும்பாகாத குருத்து இருக்கும். குருத்து படத்துல தெரியாது. அதான் நடுவுல காலியா இருக்கு. இது வெறும் வீக்கம்."

குழந்தை மூன்றாம் நாள் ஓடி விளையாடியது. ஆனால் எனக்கு அன்றிலிருந்து பட்டப்பெயர் வந்துவிட்டது. படம் எடுக்கும் ரவி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வாய் அதிகம். படத்தை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம், "டாக்டரம்மா, இதுல எத்தன துண்டுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்பான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் சிரிப்பேன். ஆனால் அதன்பிறகு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாங்குவேன், கொடுப்பேன். பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பேன். நாலைந்து வருஷம் அப்படியே போனது.

அந்த நாலைந்து வருஷத்துக்குப் பிறகு வந்தவர்தான் மாதம்மா.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர். வயது நாற்பது இருக்கும். இரண்டு கறவை மாடு, ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் ஈரக்கையோடு மோட்டார் பெட்டியைத் தொட்டிருக்கிறார். கரண்ட் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. வீட்டுக்காரர் கோவிந்தன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். வலது கை மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் சீட்டில் இரண்டு படம் எழுதினார். ஒன்று நேராக நிற்கவைத்து எடுப்பது. இன்னொன்று கையை உடம்பிலிருந்து கொஞ்சம் அகட்டி, அக்குள் வழியாக எடுப்பது. வலியோடு வருகிறவர்களின் துணியை அவிழ்க்காமல் அப்படியே படத்துக்கு அனுப்புவது அப்போது எங்கள் வழக்கம். அவிழ்த்தால் கத்துவார்கள். படம் பார்த்த பிறகு அவிழ்த்தால் போதும் என்று இருந்தோம். மாதம்மாவையும் துண்டோடே கூட்டிப்போனேன். முதல் படம் ஆனது. இரண்டாவது படத்துக்கு ரவி முழங்கையைப் பிடித்து லேசாக அகட்டினான். மாதம்மா போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"வேணாங்க, வேணாங்க, கையி பிஞ்சி வந்துடும்ங்க."

எனக்கு மனசு தாங்கவில்லை. "ரவி, ஒண்ணு போதும், உடு" என்றேன்.

"ரெண்டு எழுதியிருக்குக்கா."

"பாவம்டா. ஒண்ணுலயே தெரியும்."

அவனுக்கும் வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். விட்டுவிட்டான்.

டாக்டர் அந்த ஒரு படத்தைப் பார்த்தார். பந்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. முறிவு இல்லை. "எலும்பு நல்லா இருக்குமா. சதையில அடி. கையை அசைக்காம வச்சிருங்க" என்றார். துண்டை எடுத்துவிட்டு, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் கட்டை நான்தான் கட்டினேன். எந்தக் கட்டு? கையை மடக்கி வயிற்றோடு ஒட்டி வைக்கும் கட்டு. கை வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று கட்டி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்கள்.

அன்றைக்கு வேறு ஒரு பரபரப்பு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து டிரைவரைக் கொண்டுவந்திருந்தார்கள். இடுப்பு எலும்பு வளையம் முன்னாலும் பின்னாலும் விரிந்து, உள்ளே ரத்தக் கசிவு. டாக்டர் ஆபரேஷனுக்குத் தயாராகிக்கொண்டே வெளி நோயாளிகளையும் பார்த்தார். மாதம்மாவின் பழைய படத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை அவிழ்க்கவில்லை. "ஒன்பது நாளாச்சு, இன்னும் அசைக்காம வச்சிருந்தா எறுகிடும். பயிற்சி ரூமுக்கு அனுப்புங்க. நல்லா திருப்பிவிடச் சொல்லுங்க" என்று எழுதிவிட்டுப் போனார்.

பயிற்சிக்கு அனுப்பும் முன் கட்டை எடுக்க வேண்டும். மாதம்மாவைக் கட்டு அறையில் உட்காரவைத்தேன். கோவிந்தன் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

"எலும்பு நல்லா இருக்குன்னு சொல்லி ஒம்போது நாளாச்சுங்க. இவ கைய அசைக்கவே மாட்டேங்கறா. மாடு என்னைக் கிட்டச் சேக்க மாட்டேங்குது. நேத்து ஒதைச்சதுல சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"உனக்குக் கறக்கத் தெரியல, மாட்டச் சொல்ற" என்றார் மாதம்மா.

"உனக்குத் தெரியுமில்ல, வந்து கறக்கறது."

"நான் என்ன வேணும்னா உக்காந்திருக்கேன்? ஊரே சொல்லுது நடிக்கிறான்னு. நீயும் சொல்லு." பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "இன்னும் பத்து நாள்ல கை சரியாவலன்னா மாட்ட வித்துடலாங்கறாருக்கா. அந்த மாடு ரெண்டும் இல்லன்னா எங்க வூட்டுல ஒண்ணும் ஓடாது. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு தோணுது. எலும்பு நல்லா இருக்கும்போது ஏங்க இப்படி வலிக்குது?"

கழுத்து முடிச்சை அவிழ்த்துக் கட்டை எடுத்தேன். எடுத்த பிறகும் கை அப்படியே மடங்கி வயிற்றில் ஒட்டியிருந்தது. கட்டை எடுத்தால் யாராக இருந்தாலும் கையைக் கொஞ்சம் தொங்கவிடுவார்கள். இவருடைய கை தன்னைத்தானே கட்டிக்கொண்டது போல இருந்தது.

பயிற்சிக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை கொடுப்பது வழக்கம். "கையை நீட்டுங்க" என்றேன். அவருடைய இடது கை சும்மாதான் மடியில் கிடந்தது. ஆனால் மாத்திரையை யாராவது இடது கையில் வாங்குவார்களா? வலது கையைத்தான் நீட்டப் பார்த்தார். உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. முழங்கை இடுப்பை விட்டு நகரவில்லை. அதற்குப் பதிலாக உடம்பையே வலது பக்கம் சாய்த்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, முகம் வேர்த்து, உள்ளங்கையைக் கொஞ்சமாகத் திருப்பினார். மாத்திரை உருண்டு கீழே விழுந்தது.

"மன்னிச்சிக்கங்க, எடது கையாலயே வாங்கிக்கறேன்" என்றார்.

அந்த இடத்தில்தான் என் தலை குழம்ப ஆரம்பித்தது. அதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எதுவும் பளிச்சென்று தெரிந்துவிடவில்லை. தோள் கழன்றவர்களை நூறு பேருக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையை உடம்பிலிருந்து அகட்டிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வயிற்றோடு ஒட்ட முடியாது. தோளின் முன்பக்கம் பந்து துருத்திக்கொண்டிருக்கும். இவருக்கு எல்லாமே தலைகீழ். கை வயிற்றை விட்டு வர மறுக்கிறது. பின்னால் போய் நின்று இரண்டு தோளையும் தடவிப் பார்த்தேன். வலது தோளின் முன்பக்கம் தட்டையாக இருந்தது. பின்பக்கம் ஏதோ நிறைந்தாற்போல் இருந்தது. வீக்கமோ? சதையோ? தெரியவில்லை.

படம் நல்லா இருக்கு என்கிறது. டாக்டரும் அதையே சொல்கிறார். கை மட்டும் மாட்டேன் என்கிறது. இதில் எதை நம்புவது? என் பாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் என்மேல் தப்பு இல்லை, சீட்டில் எழுதியிருக்கிறது. அங்கே இருக்கும் பெண் கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்புவாள். திரும்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்புவாள், அதுதான் அவள் வேலை. திரும்பாத கையை அழுத்தித் திருப்பினால் என்ன ஆகும்? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உள்ளே குத்தியது. எடுக்காமல் விட்ட அந்த இரண்டாவது படம். அதைப் பற்றிப் பேசினால், நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். அந்தக் குழந்தையின் முழங்கைப் படம் நினைவுக்கு வந்தது. ரவி என்ன சொல்வான் என்பதும்.

இதையெல்லாம் யோசித்தபடி மாதம்மாவைக் கூட்டிக்கொண்டு பயிற்சி அறைப் பக்கம் நடந்தேன். முப்பது அடிதான் இருக்கும். அதற்குள் இரண்டு தடவை நின்றேன். "என்னங்க, தலை சுத்துதா?" என்று நோயாளி என்னைக் கேட்டார்.

எதிரே டாக்டர் ஆபரேஷன் அறையைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருந்தார். நான் சுவரோரம் ஒதுங்குகிறவள். அன்றைக்கு ஒதுங்கவில்லை. நடுவில் நின்றேன்.

"என்ன செல்வி?"

வாயில் ஒன்றும் வரவில்லை. தோள், பந்து, படம் என்று தலைக்குள் இருந்த எதையும் சொல்லாகக் கோக்க முடியவில்லை. கையில் மாத்திரை அட்டை இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"சார், இத இந்தம்மா கையில குடுங்க."

"நான் எதுக்குக் குடுக்கணும்? அங்க ஒருத்தருக்கு ரத்தம் போயிட்டிருக்கு."

"ஒரே ஒரு தடவ சார். வலது கையில."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அட்டையை வாங்கி மாதம்மாவிடம் நீட்டினார். டாக்டரே கொடுக்கிறார் என்றதும் மாதம்மா இடது கையை முதுகுப் பக்கம் ஒளித்துக்கொண்டார். வலது கையைத் திருப்பினார். திரும்பவில்லை. உடம்பு முழுவதும் சாய்ந்தது, ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.

"எடது கையில வாங்கித் தொலையேன், டாக்டர் நிக்கறாரு" என்றார் கோவிந்தன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் டாக்டர். மாதம்மாவின் முழங்கையை இடுப்போடு பிடித்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் மிக லேசாகத் திருப்பிப் பார்த்தார். கதவு பூட்டியிருக்கிற மாதிரி அது நின்றுவிட்டது. உடனே விட்டுவிட்டார்.

"கரண்ட் அடிச்சுதானே விழுந்தீங்க?"

"ஆமாங்க. மோட்டாரு."

"செல்வி, உள்ள வாங்க."

கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "ரெண்டாவது படம் எங்க?"

"எடுக்கல சார்."

"யாரு வேணாம்னது?"

ரவி என்று சொல்லியிருக்கலாம். நோயாளி மறுத்துவிட்டார் என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் பொய் இல்லை. "நான்தான் சார். கத்தினாங்க. பாவமா இருந்துச்சு" என்றேன்.

"நான் ரெண்டு எழுதினேன். நீங்க ஒண்ணாக்கிட்டீங்க." அவர் குரல் உயர்ந்தது. ஒரு நிமிஷம் நன்றாகவே திட்டினார், அதை இங்கே எழுத வேண்டாம். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுதான் வந்திருக்குன்னு நானும் கேக்கல. இன்னிக்கும் கட்ட அவுத்துப் பாக்கல" என்றார். "போயி ரெண்டாவது படம் எடுங்க. கையை நீங்களே புடிங்க. பயிற்சிக்கு அனுப்பாதீங்க. நான் அந்த டிரைவரை முடிச்சிட்டு வரேன். அவரு காத்திருக்க முடியாது, இவங்க ஒம்போது நாள் காத்திருந்தாச்சு, இன்னும் மூணு மணி நேரம் இருக்கலாம்."

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயம் வைத்த அங்கியை மாட்டிக்கொண்டு நானே மாதம்மாவின் முழங்கையைப் பிடித்தேன். "வேணாங்க்கா" என்று அவர் அன்றைக்குக் கத்திய அதே மாதிரி கத்தினார். "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அவர் என் தோளில் பல் பதியக் கடித்துவிட்டார். நான் கையை விடவில்லை. படம் வந்தது.

அதில் எனக்கே தெரிந்தது. பந்து தட்டின்மேல் இல்லை. தட்டுக்குப் பின்னால் போய், தட்டின் விளிம்பு பந்தில் கொத்தி உட்கார்ந்திருந்தது. நேராக எடுத்த படத்தில் பந்தும் தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதால் இடத்தில் இருக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. ஆள் வரிசையில் நேர் பின்னால் நிற்கிறவரை முன்னால் இருந்து பார்த்தால் தெரியாதல்லவா, அப்படி.

டாக்டர் பிறகு விளக்கினார். கரண்ட் அடிக்கும்போது எல்லாச் சதையும் ஒரே நேரத்தில் சுருங்கும். கையை உள்பக்கம் திருப்பும் சதைகளுக்குப் பலம் அதிகம். அவை ஜெயித்து, பந்தைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். வலிப்பு வந்தவர்களுக்கும் இப்படி ஆகலாம். தோள் கழல்வதில் பெரும்பாலும் முன்பக்கம்தான் போகும், பின்பக்கம் போவது அபூர்வம். அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. விளிம்பு கொத்தியிருக்கும்போது வலுவாகத் திருப்பியிருந்தால் எலும்பே பிளந்திருக்கும் என்றார். பயிற்சி அறைக்கு இருந்த முப்பது அடியில் இருபது அடி நடந்துவிட்டிருந்தேன்.

டிரைவரின் இடுப்பைச் சேர்த்துக் கட்டிவிட்டு, சாயங்காலம் மயக்கம் கொடுத்து மாதம்மாவின் தோளை இடத்தில் உட்காரவைத்தார் டாக்டர். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் திறந்துதான் செய்திருக்க வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு நான் மாவுக்கட்டு போட்டேன். இந்தத் தடவை எல்லாம் நேர்மாறு. இடுப்பைச் சுற்றி ஒரு கட்டு, முழங்கை பக்கவாட்டில், முன்கை வயிற்றை விட்டு விலகி நேர் முன்னால் நீட்டியபடி. எதிரில் வருகிறவரோடு கைகுலுக்கப் போகிற மாதிரி ஆறு வாரம்.

நடுவில் ஒருமுறை கட்டைப் பார்க்க வந்தார்கள். கோவிந்தன் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "பஸ்ஸுல கண்டக்டரு டிக்கெட்ட இவ கையில சொருவிட்டுப் போறாருங்க. ஒரு பெரியவரு கும்புடு போட்டாரு, ஏதோ கட்சிக்காரம்மான்னு."

"மாடு?" என்று கேட்டேன்.

"விக்கலங்க. இவ மாட்டுத் தல பக்கம் நின்னு பேசிக்கிட்டிருந்தா என்னையக் கறக்க உடுது. ஒதை கொறஞ்சிருக்கு."

டாக்டர் அவர்களிடம், "முதல் நாளே நாங்க இன்னும் சரியா பாத்திருக்கணும்மா. இப்பவாச்சும் இந்த செல்வி கவனிச்சாங்க" என்று சொல்லியிருந்தார். அவர் நல்ல மனசோடு சொன்னார். அவர்கள் அதில் பின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்டுபிடித்த அக்கா என்று என்னைப் பார்த்தாலே மாதம்மா ஒற்றைக் கையால் கும்பிடுவார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். அந்த ஆறு வாரமும் எனக்கு நான் நல்லது செய்தவளா, கெட்டது செய்தவளா என்று பிடிபடவில்லை. எடுக்காமல் விட்டதும் நான், எடுக்க வைத்ததும் நான். இதில் எந்தப் பேர் எனக்கு? உண்மையைச் சொன்னால், இதை எழுதும்போதும் முழுக்கப் பிடிபடவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான். படமும் கையும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் நில்லுங்கள். உங்களுக்குப் பேர் தெரியாத கோளாறாக இருக்கலாம், கோளாறே இல்லாமலும் இருக்கலாம். குருத்தை முறிவு என்று சொல்லி நான் கேலிக்கு ஆளானதில் யாருடைய கையும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்த அந்த நாலைந்து வருஷத்தில் யார் கை போனதோ, அது எனக்குத் தெரிய வழியில்லை. வலது இடது குழம்பினால் நோயாளியிடமே கேளுங்கள், வெட்கம் இல்லை. பேச வராவிட்டால் காட்டுங்கள். துணியை அவிழ்க்காமல் படத்துக்கு அனுப்பும் வழக்கத்தை டாக்டர் அந்த வாரமே நிறுத்திவிட்டார். நீங்கள் இப்போது அவிழ்த்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறீர்களே, அது அப்படி வந்ததுதான்.

மாவுக்கட்டை அறுத்த பிறகு மூன்று மாதம் பயிற்சிக்கு வந்தார் மாதம்மா. கை முழுக்கத் திரும்பிவிடவில்லை. முதுகில் எட்டித் தேய்த்துக்கொள்ள முடியாது. கறக்க முடிந்தது. கடைசியாக வந்த நாள் மாம்பழக் காலம். ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கட்டு அறைக்குள் வந்தார். கோவிந்தன் மருந்துக் கடையில் நின்றிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

"மரத்துல பழுத்ததுக்கா. ஆறு இருக்குது. உங்களுக்குன்னு நானே பறிச்சேன்."

வாங்க முடியவில்லை எனக்கு. "மாதம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். முதல் நாள் இரண்டு படம் எழுதியிருந்ததையும், நான்தான் ஒன்று போதும் என்று நிறுத்தியதையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் விடாமல் சொன்னேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அந்த ஒம்போது நாளு தூங்கலக்கா நான். ஒரு நாளு கூட. எல்லாரும் நடிக்கறேன்னாங்க."

"தெரியும்."

"நான் கத்தினேன்தான். அதுக்காக உட்டுடுவீங்களா?"

நின்றேன். மாதம்மா பையை மேசைமேல் வைத்தார். மாவுத்தூள் படிந்த மேசை. பைக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து வைத்தார், இன்னொன்று, இன்னொன்று. மூன்று ஆனதும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இது போதுங்க்கா உங்களுக்கு" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. சிரிக்கவும் இல்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கிப் போன பிறகு அந்த மூன்றில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் ரவியிடம் கொடுத்தேன். "எதுக்குக்கா?" என்றான். மாதம்மாவிடம் சொன்னதையும், அவர் மூன்றைத் திருப்பிக் கொண்டுபோனதையும் சொன்னேன். அவன் பழத்தைத் திருப்பித் தரவும் இல்லை, அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்போது பார்த்தேன், படம் மாட்டும் வெளிச்சப் பெட்டிக்கு மேல் அப்படியே வைத்திருந்தான்.